நூற்பட்டியலில் நம் மக்கள்

நூல்நிலையங்களுக்கும் சுவடிக்கூடங்களுக்கும் நூதனசாலைகளுக்கும் உரிய பட்டியல்களைக் கணினி வழியே ஒன்றோடொன்று பிணைக்கும் முயற்சி கடந்த இருபது ஆண்டுகளாக உலகின் பல பாகங்களிலும் நடைபெற்று வருகின்றது. 'இணைந்த திறந்த தரவு' என்பது அதற்கு வழங்கும் பெயர். பெயரைக் கேட்டவுடன், இது பொறியியலாளரின் காரியம், இலக்கியத்தில் ஈடுபாடுடையோர்க்கு இதனால் ஆவது யாது என்று எண்ணத் தோன்றும். குருவிட்டப் பகுதியின் தேயிலை, றப்பர்த் தோட்டங்களிலிருந்து வரும் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்கும் நாமும் சில காலம் அவ்வாறே எண்ணியிருந்தோம். ஆயின், ஒரு மக்கட் கூட்டத்தின் நினைவு எப்பெயரில் எழுதப்படுகின்றது, எவரோடு சேர்த்து எழுதப்படுகின்றது, எவருக்குக் கீழே எழுதப்படுகின்றது என்பன இலக்கிய வரலாற்றின் கேள்விகளே. அவற்றைப் பொறியியலாளரிடம் ஒப்படைத்துவிட்டு நாம் ஒதுங்கியிருத்தல் தகாது.

இம்முறையின் அடிப்படை எளியது. உலகளாவிய வலையை 1989இல் முன்மொழிந்த டிம் பேர்னர்ஸ்-லீ 2006இல் நான்கு விதிகளை வகுத்தார். ஒவ்வொரு பொருளுக்கும் அதற்கே உரிய ஓர் அடையாளம் வேண்டும். அவ்வடையாளம் இணைய முகவரியாக அமைய வேண்டும். அம்முகவரியை நாடுவோர்க்கு அப்பொருள் பற்றிய பயனுள்ள செய்தி கிடைக்க வேண்டும். அச்செய்தி பிற பொருள்களின் முகவரிகளையும் சுட்ட வேண்டும். செய்தி எதுவாயினும் மூன்று உறுப்புக்களாலான சிறு வாக்கியங்களாக உடைக்கப்படும். இன்ன நூல் இன்னாரால் எழுதப்பட்டது. இன்னார் இன்ன ஊரிற் பிறந்தவர். இன்ன ஊர் இன்ன மாவட்டத்தில் உள்ளது. தமிழ் கற்றவர்க்கு இதிற் பெரும் புதுமை ஒன்றுமில்லை. ஆல் என்றும் கு என்றும் இன் என்றும் கண் என்றும் ஒரு சொல்லை மற்றொரு சொல்லோடு சேர்த்து உறவு காட்டும் வேற்றுமை உருபுகளைத் தொல்காப்பியர் காலந்தொட்டு அறிந்தவர் நாம். உருபு மாறினாற் பொருள் மாறும் என்பதையும் அறிந்தவர். 'தோட்டத்தின் ஆள்' என்பதும் 'தோட்டத்திற் பிறந்த ஆள்' என்பதும் ஒன்றல்ல. கணினியின் மொழியிலும் இந்த உருபைத் தேர்ந்தெடுப்பவர் எவர் என்பதே முதற் கேள்வி.

இம்முறையால் விளையக்கூடிய நன்மையை முதலில் மனமுவந்து ஒப்புக்கொள்ள வேண்டும். சி. வி. வேலுப்பிள்ளையை எடுத்துக்கொள்வோம். அவர் 1914இல் வட்டகொடைக்கு அண்மையிலுள்ள மடக்கும்புரத் தோட்டத்திற் பிறந்தவர், 1984இல் மறைந்தார். தேயிலைத் தோட்டத்தைப் பற்றி ஆங்கிலத்தில் நெடுங்கவிதை பாடியவர் அவர். 1970இல் 'போர்ன் டு லேபர்' என்னும் ஆங்கில நூலில் தோட்ட மக்களின் உருவச் சித்திரங்களைத் தீட்டியவர் அவர். 'வீடற்றவன்' என்னும் தமிழ் நாவலை எழுதியவரும், தொழிலாளரின் வாய்மொழிப் பாடல்களைத் தேடித் தொகுத்தவரும் அவரே. 1947ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலிற் தலவாக்கலைத் தொகுதியின் உறுப்பினராகப் பாராளுமன்றம் புகுந்தவரும், தொழிற்சங்கவாதியாக வாழ்ந்தவரும் அவரே.

இவரைப் பழைய முறைப் பட்டியல்களிற் தேடிப் புறப்படும் மாணவன் என்ன காண்பான்? ஆங்கில நூல்கள் ஆங்கிலப் பட்டியலில் ஒரு பெயர் வடிவத்தில் இருக்கும். நாவல் தமிழ்ப் பட்டியலில் வேறொரு வடிவத்தில் இருக்கும். பாடல்கள் நாட்டார் வழக்காறு என்னும் தலைப்பின் கீழ்ச் சென்றுவிடும். பாராளுமன்ற உரைகள் ஹன்சாட் தொகுதிகளுக்குள்ளே கிடக்கும். நூற்பட்டியல் அவற்றை எட்டிப் பார்ப்பதில்லை. நால்வர் இருந்தனர் என்று அம்மாணவன் நினைத்தால் அவனைக் குறை கூற இயலாது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அவருடைய மக்களை நாடற்றோராக்கிய வேளையில், அச்சட்டத்தை இயற்றிய சபையிலேயே அவர் அமர்ந்திருந்தார். அந்தச் சட்டத்தையும் அவருடைய கவிதையையும் ஒருங்கு வைத்துப் படியாதவன் கவிதையைப் பாதியே படித்தவனாவான். நான்கு இடங்களிலும் உள்ள பதிவுகள் ஒரே அடையாளத்தைச் சுட்டுமாயின், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் வழி தானே திறக்கும். ஆராய்ச்சியாளர் ஆயுட்காலம் முழுதும் தூசி தட்டிச் செய்யும் வேலையிற் பெரும்பகுதியை ஒரு தோட்டப் பாடசாலையின் மாணவியும் செய்யலாம். சுவீடனின் கூட்டுநூற்பட்டியல் 2008இலும், அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் பொருட்தலைப்புகள் 2009இலும் இம்முறையில் வெளியிடப்பட்டன. 2008இல் தொடங்கிய யூரோப்பியானா ஐரோப்பிய நூதனசாலைகளையும் நூலகங்களையும் ஒரே வாயிலிற் கொணர்ந்தது. 2012இற் தோன்றிய விக்கித்தரவு, எவரும் எழுதவும் எவரும் எடுத்தாளவும் கூடிய பொதுச் சொத்தாக வளர்ந்துள்ளது.

பெயர்ச் சிக்கல் தமிழுக்குப் புதியதன்று. ஒளவையார் என்ற ஒரே பெயரின் கீழ்ச் சங்கப் புலவரும் ஆத்திசூடி பாடியவரும் நெடுங்காலம் ஒருவராகவே மயங்கிக் கிடந்தனர்; இலக்கிய வரலாற்றாசிரியர் பெரிதும் உழைத்து அவர்களைப் பிரித்தறிந்தனர். ஒளவை விடயத்தில் ஒரு பெயர்க்குப் பலர். தோட்டத்திலோ ஒருவர்க்குப் பல பெயர். கோ. நடேசய்யரை நடேசையர் என்றும் நடேச ஐயர் என்றும் எழுதுவர். ஆங்கிலத்தில் அவர் பெயரை எழுதும் வகைகளோ இன்னும் பல. பெரிய மனிதர்க்கே இக்கதி என்றால், கூப்பிடும் பெயரொன்றைத் தவிர வேறொன்றுமில்லாத கொழுந்து பறிக்கும் பெண்ணின் கதி என்ன? மேனாட்டு முறையிற் சமைக்கப்பட்ட செயலிகள் 'குடும்பப் பெயர்' என்றொரு கட்டத்தை நிரப்பாமல் மேலே செல்ல விடுவதில்லை. நம்மவர் தந்தையின் பெயரை அதில் இடுவர். மணமானபின் கணவனின் பெயரை இடுவர். அதனால் ஒரே பெண் இருவராகிவிடுவாள். இது தட்டச்சுப் பிழையன்று. ஒரு சமூகத்தின் பெயரிடு முறையை மற்றொரு சமூகத்தின் தலையிற் சுமத்துவதால் விளையும் பிழை.

நடேசய்யர் 1924இல் 'தேசபக்தன்' பத்திரிகையைத் தொடங்கியவர். 1931இல் தோட்டத் தொழிலாளருக்குச் சம்மேளனம் அமைத்தவர். சட்ட நிரூபண சபையிலும் பின்னர் அரசாங்க சபையிலும் அமர்ந்தவர். அவருடைய துணைவியார் மீனாட்சியம்மாள், தொழிலாளரின் துயரைப் பாட்டாக்கி மேடைதோறும் பாடியவர். ஒரு செயலியில் அவரைப் பதிவு செய்யும்போது முதலில் நிற்கும் உறவு 'இன்னாரின் மனைவி' என்பதா, 'இன்ன பாடல்களின் ஆசிரியை' என்பதா? இரண்டும் உண்மை. ஆனால் முன்னதை மட்டும் எழுதி நிறுத்தினால், அவருடைய பாடல்களைத் தேடுவோர்க்கு அவர் அகப்படமாட்டார். மனைவி என்னும் உறவு கணவனின் பக்கத்துக்கு வழிகாட்டும். பாட்டின் பக்கத்துக்கு வழிகாட்டாது. இப்படி உருபைத் தேர்வதில் அரசியல் இருக்கின்றது என்று நாம் கூறினால், சில நூலக நண்பர்கள் புன்முறுவல் பூக்கின்றனர். அவர்கள் ஒரு முறை தம் பட்டியலிலுள்ள பெண் படைப்பாளிகளை எண்ணிப் பார்க்கலாம்.

இத்துறையிற் பலரும் கைநூலாகக் கொள்வது, சேத் வான் ஹூலண்ட், ரூபன் வெர்போர்க் என்னும் இருவர் எழுதி 2014இல் வெளிவந்த நூல். நூலகம், சுவடிக்கூடம், நூதனசாலை ஆகிய மூன்றுக்கும் இணைந்த தரவினை அமைப்பது எங்ஙனம் என்பதே அதன் பொருள். மாதிரி அமைத்தல், தரவைத் துப்புரவு செய்தல், பிற பட்டியல்களோடு பொருத்துதல், செழுமைப்படுத்துதல், வெளியிடுதல் என்ற வரிசையில் அந்நூல் செல்கின்றது. தெளிவான நூல், பெரும் கருவிகள் வாங்கப் பணமில்லாத நிறுவனங்களையும் மனத்திற் கொண்ட நூல் என்பதால் நமக்கு உவப்பானதும் கூட. எனினும் அதன் படிவரிசை, தரவு ஏற்கெனவே எங்கோ ஒரு பட்டியலில் இருக்கின்றது என்னும் நம்பிக்கையின் மேல் நிற்கின்றது. அழுக்கான பட்டியலேனும் இருந்தாலன்றோ துப்புரவு செய்யலாம்! சப்பிரகமுவவின் தோட்டங்களைப் பொறுத்தவரை எழுதப்பட்டவை யாவும் துரையின் கந்தோரில் இருந்தவை: செக்ரோல், கடன் கணக்கு, பிறப்பு இறப்புப் பதிவு. 1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் முகாமை மீண்டும் கம்பெனிகளிடம் சென்றது. ஒவ்வொரு கைமாற்றத்தின் போதும் நிலத்தையும் மரத்தையும் இயந்திரத்தையும் எண்ணி ஒப்படைத்தவர்கள், பழைய தாள்களையும் அவ்வாறே எண்ணினார்கள் என்று நம்புவது கடினம்.

நம் நாட்டுத் தமிழரிடையே இத்துறையில் உழைத்துவருவோரைப் பற்றிப் பேசாமல் மேலே செல்வது நன்றிகேடாகும். 2005இற் தொடங்கிய நூலகத் திட்டம், பின்னர் நூலக நிறுவனமாக வளர்ந்து, ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் துண்டுப்பிரசுரங்களையும் மின்வடிவிற் காத்து, கட்டணமின்றி எவர்க்கும் வழங்கிவருகின்றது. ஒலி, ஒளி, படம் ஆகியவற்றுக்கென 'ஆவணகம்' என்னும் மற்றொரு தளத்தையும் அது அமைத்தது. அத்தளத்தின் அடித்தளமான ஐலண்டோரா என்னும் மென்பொருள் இணைந்த தரவுக்கு இடமளிப்பது; டொரன்டோப் பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாக நூலகத்தார் இப்பணியிற் கைகோத்தனர். அரசாங்கத்தின் கொடையை எதிர்பாராது, பெரும்பாலும் தன்னார்வலரின் உழைப்பாற் கட்டியெழுப்பப்பட்ட இப்பணி நம் காலத்துத் தமிழ்ப் பணிகளுள் முன்வரிசையில் வைத்தெண்ணத் தக்கது.

அன்புடையாரிடமே குறை கூற உரிமையுண்டு. நூலக நிறுவனத்தாரின் 'ஆளுமை'ப் பக்கங்களிற் சிறு அட்டவணையொன்று இருக்கும்: பெயர், தந்தை, தாய், பிறப்பு, ஊர், வகை. இணைந்த தரவுக்கு ஏறத்தாழ ஆயத்தமான அட்டவணை. அதில் 'ஊர்' என்பதை நோக்குக. கரவெட்டியிற் பிறந்த புலவர்க்கு ஊர் கரவெட்டி. ஐயம் ஒன்றும் இல்லை. யாழ்ப்பாணத்தார் தம் ஊரைப் பெயரின் முன்னே சூடிக்கொள்ளும் வழக்கமும் உடையர். தோட்டத்திற் பிறந்த எழுத்தாளனுக்கு ஊர் எது? பாட்டன் புறப்பட்டு வந்த திருச்சி மாவட்டத்துக் கிராமமா? அவன் பிறந்த தோட்டமா? தகப்பன் வேலை மாறிச் சென்ற அடுத்த தோட்டமா? கடிதம் வந்து சேரும் பட்டினமா? தோட்டமே ஊர் என்றால், எந்தப் பெயரால் அதனை எழுதுவது? வெள்ளைக்காரன் தன் நாட்டு நினைவில் இட்ட பெயர் தேசப்படத்தில் இருக்கும். தொழிலாளர் வழங்கும் தமிழ்ப் பெயர், அங்கு முதலிற் குடியேறிய கங்காணியின் பெயராகவோ, ஒரு மரத்தின் பெயராகவோ, கோயிலின் பெயராகவோ இருக்கும். அயற்கிராமத்துச் சிங்கள மக்கள் வழங்கும் பெயர் மூன்றாவது. ஊர் என்னும் ஒற்றைக் கட்டம், நிலத்தில் வேரூன்றி வாழ்ந்த சமூகத்தை மனத்திற் கொண்டு அமைக்கப்பட்டது. அதனை அமைத்தவர் எவரையும் விலக்க நினைத்தவரல்லர். ஆயினும் கட்டம் விலக்கிவிடுகின்றது.

செயலியை அமைப்போர் இதற்கு மருந்து உண்டு என்பர், உண்மைதான். சொற்களஞ்சியங்களுக்காக 2009இல் வகுக்கப்பட்ட பொது முறையொன்றில் ஒரு பொருளுக்கு எத்தனை மாற்றுப் பெயரும் இடலாம். ஆனால் ஒரு மொழிக்கு ஒன்றே 'முதன்மைப் பெயர்' என்பது அதன் விதி. திரையில் தோன்றுவது அதுவே. மற்றவை தேடலுக்கு மட்டும் உதவும். தமிழுக்கு ஒரு முதன்மைப் பெயர் என்றால் நம்மைச் சுட்டுவது எது? குடிசன மதிப்பீடு 1911 முதல் நம் மக்களை 'இந்தியத் தமிழர்' என்று தனித்து எண்ணியது. மக்கள் தம்மை மலையகத் தமிழர் என்று அழைத்துக்கொண்டு, 2023இல் தம் வருகையின் இருநூறாம் ஆண்டை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தனர். நூலகமோ பழைய தலைப்பையே முதன்மையாகக் கொள்ளக்கூடும். ஆயிரம் பதிவுகள் அதனோடு பிணைந்திருப்பதாற் மாற்றுவது தொல்லை என்பர். இனி எம் போன்ற இரத்தினபுரி, கேகாலைக்காரர் நிலை இன்னும் விநோதமானது. மலையகம் என்றதும் நுவரெலியாவின் பச்சைக் குன்றுகளே பலர் கண்ணிற் படுகின்றன. தாழ்ந்த குன்றுகளில் றப்பர்ப் பால் வெட்டுவோர் அந்தத் தலைப்பின் கீழும் முழுமையாக வருவதில்லை. ஒரு பெயரை இடும்போது, அதனை வழங்குவோர் எவர், எந்தக் காலத்தில், எவரைப் பற்றி என்று அப்பெயரோடு சேர்த்தே எழுதும் வசதி வேண்டும். தொழில்நுட்பத்தில் இது இயலாததன்று. கேட்போர் இல்லாமையாற் செய்யப்படுவதில்லை.

1981ஆம் ஆண்டு மே மாத இறுதியில் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின என்பதை உலகம் அறியும். நூலகவியல் நூல்களில் அதற்கு இடமுண்டு. அதே ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் இரத்தினபுரி மாவட்டத்தில் தோட்டத் தமிழர் தாக்கப்பட்டனர், லயங்கள் கொளுத்தப்பட்டன. 1977 ஆகஸ்டிலும் இவ்வாறு நிகழ்ந்தது. உயிர் தப்பியவருட் பலர் வவுனியாவுக்கும் இந்தியாவுக்கும் போயினர். அந்த லயங்களுக்குள்ளே நூலகம் இல்லை. பெட்டிகள் இருந்தன. அப்பெட்டிகளில் பிறப்புத் துண்டும், சங்கத்தின் சந்தாப் பற்றுச்சீட்டும், காமன் கூத்துப் பாட்டு எழுதிய கொப்பியும், ஒரே ஒரு புகைப்படமும் இருந்திருக்கும். அவற்றுக்கு எண்ணிக்கை இல்லை. ஏனெனில் பட்டியல் இல்லை. முதலாவது நெருப்பை எண்ணால் அளக்க முடிகின்றது. இரண்டாவதை அளக்க முடியவில்லை. ஆதலால், இணைந்த தரவில் முதலாவது நெருப்புக்கு ஆயிரம் இணைப்புகள் உண்டாகும்; இரண்டாவதற்கு ஒன்றும் உண்டாகாது. பட்டியலிடப்பட்டவர் மேலும் மேலும் இணைக்கப்பட, பட்டியலிடப்படாதவர் முன்னிலும் மறைந்துபோவர் என்பதே இம்முறையைப் பற்றி நம் பெருங்கவலை.

இதற்கும் ஒரு வழி, நூதனசாலையினர் வகுத்த மாதிரியிலேயே இருக்கின்றது. 2006இல் சர்வதேச நியமமாக ஏற்கப்பட்ட அம்மாதிரி, பொருளை நடுவில் வைக்காமல் நிகழ்ச்சியை நடுவில் வைக்கின்றது. ஆக்கம் ஒரு நிகழ்ச்சி. கைமாற்றம் ஒரு நிகழ்ச்சி. இடம்பெயர்வு ஒரு நிகழ்ச்சி. அழிவு என்பதும் அதில் தனியொரு வகையாக உண்டு. இன்று இல்லாத ஒரு கொப்பியை, 'இன்ன ஆண்டில், இன்ன தோட்டத்தில், இன்ன நிகழ்ச்சியில் அழிந்தது' என்று முறைப்படி பதியலாம். மண்டபம் முகாம், கப்பல், தோட்டம், 1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின் மீண்டும் கப்பல் என்று நிகழ்ச்சிகளாலேயே ஆன வாழ்க்கை நம் மக்களுடையது. அவ்வொப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று எண்ணிப் பங்கிட்டது. அத்தகைய வாழ்க்கைக்கு இந்த மாதிரி பொருந்தும். ஆனால் செயலி அமைப்போர் காட்டுவதற்குப் படமில்லாத பதிவை விரும்புவதில்லை. அழிந்தவற்றுக்குத் திரையில் ஓர் இடம் ஒதுக்குமாறு நாம் கேட்க வேண்டும்.

இனித் 'திறந்த' என்னும் சொல்லுக்கு வருவோம். முற்போக்காளர் எவர்க்கும் அச்சொல் இனிக்கும். அறிவு பொதுவுடைமை ஆக வேண்டும் என்று விரும்புவோர் நாம். எனினும், அடையாள இலக்கம் என்பதை நம் மக்கள் இப்போது முதன்முறையாகச் சந்திக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோட்டத்துக்குக் கொண்டுவரப்பட்டவர்க்குத் தோட்டத்தின் இலக்கமும் ஆளின் இலக்கமும் பொறித்த தகரத் துண்டொன்று கொடுக்கப்பட்டது. பொருளுக்கொரு தனி அடையாளம் என்னும் விதியைத் துரைமார் பேர்னர்ஸ்-லீக்கு முன்பே அறிந்திருந்தனர்! தொழிலாளியின் கடனைக் குறித்த 'துண்டு' அவனோடு தோட்டத்துக்குத் தோட்டம் சென்றது. அது தீராமல் அவனுக்கு விடுதலை இல்லை. 1921இலேயே அம்முறை சட்டத்தால் ஒழிந்தது. அந்தத் தரவும் இணைந்த தரவே. அதன் இணைப்பு ஆளைக் கட்டுவதற்காக இருந்தது.

அண்மைக்காலச் செய்தியும் உண்டு. 1983 ஜூலையில் கொழும்பில் வாக்காளர் இடாப்பைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளைத் தேடிச் சென்றனர் என்பதைப் பலரும் பதிவு செய்துள்ளனர். தோட்டப் பதிவேடுகளிற் சாதி எழுதப்பட்டிருக்கும், கடன் எழுதப்பட்டிருக்கும், நோய் எழுதப்பட்டிருக்கும். இவற்றை அப்படியே திறந்து, உயிரோடிருக்கும் பேரப்பிள்ளைகளின் பெயரோடு பிணைத்துவிட்டால், திருமணச் சந்தையில் அதனைத் தேடிப் பார்ப்போர் இல்லாமற் போகமாட்டார். ஆகவே இறந்தவர் பற்றிய பதிவுக்கும் வாழ்பவர் பற்றிய பதிவுக்கும் வேறு வேறு வாயில்கள் வேண்டும்; எது திறக்கலாம் என்பதை அக்குடும்பமே கூற வேண்டும். அரசாங்கத்தின் சட்டங்கள், கம்பெனிகளின் கணக்குகள், நிலவுடைமைப் பதிவுகள் ஆகியவை தாராளமாகத் திறக்கட்டும். நடைமுறையில் இதற்கு மாறாகவே பெரும்பாலும் நிகழ்கின்றது. ஏழையின் படம் உடனே இணையத்தில் ஏறிவிடுகின்றது. கம்பெனியின் கணக்கு பூட்டியே கிடக்கின்றது.

கண்டிக்கு அண்மையில் ஹந்தானையில் 2001இல் திறக்கப்பட்ட தேயிலை நூதனசாலை ஒன்று உண்டு. பழைய தொழிற்சாலைக் கட்டடத்தில் அமைந்தது. கொழுந்தை உருட்டும் பொறிகளும், ஜேம்ஸ் டெயிலர், தோமஸ் லிப்டன் ஆகியோரின் நினைவுகளும் அங்கே போற்றப்படுகின்றன. அதே கண்டியைத் தளமாகக் கொண்ட சமூக அபிவிருத்தி நிறுவகம், ஓல்ட் பீகொக் தோட்டத்தின் லய அறைகளையே நூதனசாலையாக்கியது. தொழிலாளர் புழங்கிய பொருள்கள் அங்கே உள்ளன. ஒன்றில் ஆளில்லாத பொறி. மற்றொன்றில் பொறியில்லாத ஆள். இரண்டுக்கும் இடையே சில மணி நேரப் பயணம்தான். இரண்டையும் ஒரே நாளிற் காணும் பயணி எத்தனை பேர்? டெயிலர் 1867இல் லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்டார் என்று எழுதும் பதிவிலிருந்து, மண்ணைக் கொத்தியவர் எவர் என்று கேட்கும் பதிவுக்கு ஓர் இணைப்பு இருக்குமாயின், அந்தப் பக்கத்தைப் பார்ப்பவன் இரண்டு நூதனசாலைகளுக்கும் சென்றவனாவான். புதிய கட்டடம் வேண்டியதில்லை, புதிய நிதி வேண்டியதில்லை. இரண்டு நிறுவனத்தாரும் ஒரே அடையாளங்களைப் பயன்படுத்த உடன்பட்டாற் போதும். இம்முறையை நாம் ஆதரிப்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டியதில்லை.

எம் ஊரின் பெயரையே தேடிப் பார்க்கலாம். குருவிட்டவுக்கு அண்மையிலுள்ள பட்டதொம்பலென என்னும் குகையில் முப்பதினாயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்ட மனிதரின் எச்சங்களும் நுண்கற்கருவிகளும் கிடைத்தன. 1970களின் இறுதியிலும் அதன் பின்னரும் ஷிரான் தெரணியகல அங்கே அகழ்வாய்வு நடத்தினார். அந்த ஆய்வுகள் உலக அறிஞரால் எடுத்தாளப்படுகின்றன. பெருமைப்பட வேண்டிய செய்தி. ஆனால், அவிசாவளைக்கு அப்பால் 1976இல் மூடப்பட்ட ஒடுங்கிய புகையிரதப் பாதை வழியே இங்கு வந்திறங்கிய குடும்பங்களைத் தேடினால், ஒன்றும் கிடைப்பதில்லை. கற்கால மனிதனின் பல்லுக்கு இலக்கம் உண்டு. நேற்று வரை பால் வெட்டிய கிழவனின் கத்திக்கு இல்லை.

சென்ற ஆண்டு எம் மாணவரிடம், வீட்டிலுள்ள பழைய தாள் எதுவாயினும் கொணர்க என்று கூறினோம். படம் எடுத்துவிட்டு உடனே திருப்பித் தருவதாக வாக்களித்தோம். 2003, 2017 ஆண்டுகளின் வெள்ளங்களுக்குத் தப்பியவை எவ்வளவு இருக்குமோ என்ற ஐயம் இருந்தது. நாற்பதுக்கு மேற்பட்டவை வந்தன. ஒரு மாணவி பொலித்தீன் பை ஒன்றைக் கொணர்ந்தாள். அதனுள் அவளுடைய பாட்டியின் பிரசாவுரிமைச் சான்றிதழும், அடையாள அட்டையின் பிரதியும், பாட்டியின் தகப்பனுடையது என்ற தகரத் துண்டும் இருந்தன. சான்றிதழில் ஒரு பெயர். அடையாள அட்டையில், சிங்களத்தில் எழுதித் தமிழுக்குத் திரும்பி வந்ததாற் சிதைந்த வேறொரு பெயர். இந்த வேறுபாட்டால் அந்த முதியவள் ஓர் அலுவலகத்துக்குப் பல முறை அலைந்திருக்கின்றாள். தகரத் துண்டின் இலக்கம் மட்டும் தேயாமல் தெளிவாக இருந்தது.

இலவசமாகக் கிடைக்கும் செயலி ஒன்றிற் பதிவு செய்யத் தொடங்கினோம். பாட்டியிடம் அனுமதி கேட்க நாமே லயத்துக்குச் சென்றோம். விடயத்தை விளக்கியபின் அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். "அய்யா தகரத்த போட்டோ புடிச்சு போடுங்க சேர். தோட்டத்து பேரு தமிழ்ல போடுங்க. காட்டுல இருக்குற பேரு நம்ம பேரு இல்ல, அத போடாதீங்க. எங்க ஆத்தா கூப்புட்ட பேர போடுங்க" என்றார். அந்தப் பெயரையும் சொன்னார். சான்றிதழிலும் அட்டையிலும் இல்லாத மூன்றாவது பெயர் அது.

அவர் வேண்டியபடியே தகரத் துண்டையும் தோட்டத்தின் தமிழ்ப் பெயரையும் பதிந்தோம். பெயரிற்தான் சிக்கல் ஏற்பட்டது. சான்றுக்கு ஓர் ஆவணத்தைக் காட்டாத பெயரை முதன்மைப் பெயராக அச்செயலி ஏற்கவில்லை. தாய் கூப்பிட்டாள் என்பது அதற்குச் சான்றாகவில்லை. இப்போதைக்கு அப்பெயரைக் 'குறிப்பு' என்னும் கட்டத்தில் எழுதி, வெளியார் காணாதவாறு மூடி வைத்திருக்கின்றோம். அக்கட்டத்தில் எழுதுவது எதனோடும் இணைவதில்லை.